ஆம்பளைக் குரல் முடியற இடம்

அமெரிக்காவுல ஒரு காலேஜ் தியேட்டர்ல சவுண்ட் ஆபரேட்டரா இருந்தப்போ 'அன்காமன் விமன் அண்ட் அதர்ஸ்' நாடகத்துக்கு வேலை பார்த்தேன். வெண்டி வாசர்ஸ்டீன் எழுதினது, 1977-ல நியூயார்க்ல ஆஃப்-பிராட்வேல, அதாவது பிராட்வேயோட பெரிய தியேட்டர்கள விட சின்ன தியேட்டர்ல, வந்தது. மேடையில எல்லாரும் பொண்ணுங்கதான், ஆனா சீனுக்கு சீன் ஸ்பீக்கர்ல ஒரு ஆம்பளைக் குரல் வரும், மவுண்ட் ஹோலியோக்ங்கற பொண்ணுங்க காலேஜ் எப்பேர்ப்பட்ட பொண்ணுங்கள உருவாக்குதுன்னு பெருமையா சொல்லும். அந்தக் குரல விடறது என் வேலை.

முதல்ல லெவல் சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். நாலஞ்சு ரிகர்சல் போனப்புறம்தான் உறைச்சது, அந்தக் குரல் அவ்ளோ உறுதியா பேசுது, கீழ இந்தப் பொண்ணுங்க அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம தவிக்குதுங்க. படிப்புல பாகுபாடு கூடாதுன்னு 1972-ல அங்க சட்டமே வந்தாச்சு, கதவு திறந்தாச்சு, ஆனா உள்ள போறதுக்கு பயமா இருக்கு, போகலைன்னா குற்ற உணர்ச்சியா இருக்கு. ரீட்டான்னு ஒருத்தி முப்பது வயசுல நாம அசத்திடுவோம்னு சொல்லுவா, கடைசி சீன்ல அது நாப்பத்தஞ்சு ஆயிடும். எனக்கு அப்போ முப்பத்தொண்ணு, ஒவ்வொரு தடவையும் தொண்டைய அடைக்கும்.

ஹாலின்னு இன்னொருத்தி ஃபோன்ல தனியா பேசிட்டே போற சீன் ஒண்ணு இருக்கு, எதிர்முனைக் குரல் நமக்குக் கேக்காது. லைன் இரைச்சல் லேசா போடட்டுமான்னு டைரக்டர்கிட்ட கேட்டேன், எதுவும் வேணாம்னுட்டாங்க. ஸ்பீக்கர் எல்லாத்தையும் மியூட் பண்ணேன். அவ பேச்சை நிறுத்தற இடத்துல எல்லாம் ஹால்ல ஒரு சத்தம் இருக்காது, டைரக்டர் சொன்னதுதான் சரி.

கடைசி சீன்ல அந்த ஆம்பளைக் குரல் தேஞ்சு ஒரு பொம்பளைக் குரலா மாறும், சட்டத் தடையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நீங்கினாலும் பொண்ணுங்களுக்கு முன்னால இன்னும் பெரிய தடைகள் இருக்குன்னு அது சொல்லும். அந்தக் குரல எங்க காஸ்ட்யூம் அக்காகிட்ட ரெக்கார்ட் பண்ணோம், அம்பது தாண்டினவங்க. முதல் டேக் முடிஞ்சதும், உக்காந்து பேசினா குரல் கெஞ்சற மாதிரி வருது, நின்னுக்கிட்டு பேசறேன்னு திரும்பப் பேசினாங்க. ஒரு குரல் தேஞ்சு இன்னொண்ணு ஏறற ஃபேட் நாலு செகண்ட்னு க்யூ ஷீட்ல, அதாவது எந்த சத்தம் எப்போன்னு எழுதி வச்ச தாள்ல, இருந்துச்சு, ரெண்டு குரலும் சேர்ந்து கேக்கற நேரம் இன்னும் வேணும்னு நான் சண்டை போட்டு ஒன்பது ஆக்கினேன்.

ஷோ நடந்த அத்தனை நாளும் அந்தக் குரல் வர்ற நேரத்துக்கு அக்கா கையில துணியோட மேடை ஓரத்து விங்ல வந்து நிப்பாங்க. ஸ்டேஜ் மேனேஜர்கிட்டருந்து 'கோ' வந்ததும் நான் பட்டனை அழுத்துவேன், இருட்டுல அவங்க உதடு கூடவே அசையும்.