பரணில் இருந்த தகரப் பெட்டி

விழுப்புரத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டின் பரணைச் சென்ற மாதம் ஒழித்தபோது, தாத்தாவின் வரவுசெலவு நோட்டுகளும், இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்குப் போன சின்னத் தாத்தா எழுதிய 11 கடிதங்களும் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. தனித்தனியாகப் படித்தால் அவற்றில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. தேதி பார்த்து அருகருகே வைத்துப் படித்தபோதுதான், அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரிந்தது.

வீட்டில் கோபித்துக்கொண்டு பட்டாளத்துக்கு ஓடிப்போனார் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். விக்கிரம வருஷத்து (1940-41) நோட்டு வேறு கதை சொல்கிறது. தென்னாற்காட்டு மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்த நாடு பிரான்ஸ். 1940 ஜூனில் அது ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் ஏற்றுமதி முடங்கி, இங்கே விலை சரிந்தது. "கப்பல் இல்லையாம், யாபாரி கொட்டை எடுக்கவில்லை" என்று தாத்தா எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் கிஸ்திக்கு (நிலவரிக்கு) வாங்கிய கைமாற்று. நான்கு பக்கம் தள்ளி, "தம்பி பெங்களூர் போன செலவு" என்று ஒரு வரி. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. கோபத்தைப் பற்றி நோட்டில் ஒரு சொல்லும் இல்லை. நோட்டில் கோபத்தை யார் எழுதுவார்கள் என்பது வேறு விஷயம்.

கடிதங்கள் எல்லாம் "இவ்விடம் நான் சுகம், அவ்விடம் அனைவர் சுகத்துக்கும் எழுதவும்" என்றே தொடங்குகின்றன. தணிக்கை முத்திரை விழுந்த அந்தத் தாள்களில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. "நிற்க" என்று எழுதியதும் நேராக நிலத்துக்கு வந்துவிடுகிறார்: ஏரி நிரம்பியதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, செவலைக் காளை ஒழுங்காகக் கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் அமைப்பு) இழுக்கிறதா.

இந்தச் செவலைக் காளையைப் பற்றி ஏழு கடிதங்களில் விசாரிக்கிறார். சித்திரபானு வருஷம் தை மாதமே (1943 தொடக்கத்தில்) அது சந்தையில் விலைபோயிருக்கிறது. அதற்குப் பிறகு நோட்டில் "கவலை இறைக்க மாட்டு வாடகை" என்று மாதத்துக்கு இரண்டு வரியாவது வருகிறது. தாத்தா எழுதிய பதில்கள் எங்களிடம் இல்லை. ஆனால் தம்பி தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்தால், விற்றதை அவர் தெரிவிக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போய், பர்மா அரிசி வருவது நின்ற பிறகு, நோட்டில் நெல் வாங்கிய வரிகள் அருகி, கேழ்வரகும் கம்பும் கூடுகின்றன. மண்ணெண்ணெய் அரைப் புட்டிக்கு இறங்குகிறது. தம்பி அனுப்பிய 15 ரூபாய் மணியார்டர்கள் மட்டும் சிவப்பு மையில் இருக்கின்றன.

பார்த்திப வருஷம் மாசியில் (1946), "தம்பி வந்து சேர்ந்தான், வண்டிக் கூலி 1 ரூபாய்" என்று இருக்கிறது. ஒன்பது நாள் கழித்து ஒரு காளை வாங்கியிருக்கிறார்கள். நிறம் மயிலை.