'அப்பா பிதாவே' கேள்வி வந்தால் எப்படி எழுதுவது?

புதிய ஏற்பாட்டுத் தாளில் 'அப்பா' என்ற, இயேசு பேசிய அரமேய மொழிச் சொல்லைப் பற்றிக் கேள்வி வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நமக்குத் தெரிந்த சொல்தானே என்று கடவுளின் அன்பைப் பற்றி இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு வருவார்கள், மதிப்பெண் மட்டும் வராது. இறையியல் படித்து முடித்து, இப்போது தேர்வு நேரத்தில் ஜூனியர்களோடு உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பிரசங்கக் கேள்வி இல்லை, ஆதாரக் கேள்வி.

வசனங்களில் ஆரம்பியுங்கள். இந்தச் சொல் வருவது மூன்றே இடத்தில்: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. மூன்றிலும் பக்கத்திலேயே 'தந்தை' என்பதற்கான கிரேக்கச் சொல் 'ஹோ பாத்தேர்' இருக்கிறது, அதனால்தான் நம் வேதாகமத்தில் 'அப்பா பிதாவே' என்று இரட்டையாக வருகிறது. மாற்கு 14:36 என்பது இயேசு கைதாவதற்கு முன் கெத்செமனேயில் செய்த ஜெபம். அதே ஜெபத்தை மத்தேயு 26:39, லூக்கா 22:42 இரண்டிலும் எடுத்துப் பாருங்கள், அரமேயச் சொல் காணாமல் போயிருக்கும், வெறும் கிரேக்கம்தான். ஆனால் கிரேக்கம் பேசும் சபைகளுக்கு எழுதுகிற பவுல் அதை விடாமல் வைத்திருக்கிறார் என்றால், அது ஆதிச் சபையின் ஜெபத்தில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது என்றுதானே அர்த்தம்? இதை எழுதினாலே பாதி விடை முடிந்தது.

அப்புறம் யெரெமியாஸ். யோவாக்கிம் யெரெமியாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், கடவுளை இப்படி அழைத்தது இயேசுவுக்கே உரிய நெருக்கம், சொல்லின் வேர் குழந்தையின் மழலையில் இருக்கிறது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு பிரசங்க மேடைகளில் 'டாடி' ஆக்கிவிட்டார்கள். ஆனால் இயேசு குழந்தைப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று நினைப்பது தவறு என்று அவரே பின்னால் எழுதியதை யாரும் சொல்வதில்லை. 1988-ல் ஜேம்ஸ் பார் என்ற வேதாகம அறிஞர், 'அப்பா என்றால் டாடி அல்ல' என்ற பொருள் வரும் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்த மக்களும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள், செல்லமாகச் சொல்லக் கிரேக்கத்தில் தனிச்சொல் இருந்தும் புதிய ஏற்பாடு அதைத் தொடாமல் 'பாத்தேர்' என்றே எழுதியிருக்கிறது என்பது அவர் வாதம். அரமேய 'அப்பா'வின் கடைசியில் வரும் 'ஆ', ஆங்கிலத்தில் 'தி' (the) செய்கிற வேலையைச் செய்யும் விகுதி என்று பலர் விளக்குவதையும் ஒரு வரி சேருங்கள்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் மூன்று வயதுக் குழந்தையும் அப்பா என்கிறது, பென்ஷன் வாங்குகிற மகனும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார், மரியாதையும் பாசமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆக 'டாடியா, ஃபாதரா' என்பது ஆங்கிலம் பேசுகிறவர்களின் தலைவலி. அதற்காக அரமேயமே தமிழிலிருந்து வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ப்ளீஸ்! அது எபிரெயம், அரபு போன்ற செமித்தியக் குடும்பத்து மொழி, ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு கதை, யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதின் தானித் பகுதியில் இருக்கிறது. மழை பொய்த்தால் பள்ளிப் பிள்ளைகளை ஹானான் என்ற யூதப் பக்தரிடம் அனுப்புவார்களாம். அவர்கள் அவர் ஆடையைப் பிடித்து இழுத்து, 'அப்பா, அப்பா, மழை கொடு' என்பார்கள். அவரோ வானத்தைப் பார்த்து, 'மழை கொடுக்கிற அப்பா யார், கொடுக்க முடியாத அப்பா யார் என்று தெரியாத இந்தப் பிள்ளைகளுக்காகச் செய்யும்' என்பார். சொல் கடவுள் பக்கம் திரும்பினாலும் இது நேரடி விளி இல்லை என்பதை யெரெமியாஸ் தரப்பு சுட்டிக்காட்டும், அதையும் எழுதுங்கள். நேர்மையான விடைக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

நேரம் மிச்சமிருந்தால் பரபாஸ். 'பர் அப்பா', தந்தையின் மகன். கெத்செமனேக்கு அடுத்த அதிகாரத்திலேயே, மாற்கு 15-ல், இயேசுவுக்குப் பதிலாக இந்தப் பெயர்க்காரனைத்தான் கூட்டம் விடுதலை செய்யச் சொல்லிக் கேட்கிறது. மாற்கு இதை வேண்டுமென்றே வைத்தாரா என்பதில் ஒரு முடிவுக்கு வரத் தேவையில்லை, கேள்வியாகவே எழுதி விட்டுவிடுங்கள்.