கிளிப் சொல்லும் ஹீமோகுளோபின்

ஊசி குத்தாமல், விரலில் ஒரு கிளிப்பை மாட்டியே ஹீமோகுளோபின் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு அலைநீள ஒளியை வைத்து ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. இந்தக் கருவி இன்னும் பல அலைநீளங்களைச் செலுத்தி ஹீமோகுளோபினையும் கணக்கிடுகிறது.

சரி, ஆபரேஷனுக்கு முன்னால் இதை மட்டும் நம்பலாமா? நிறையப் பேரின் சராசரியை எடுத்தால் ஆய்வக முடிவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. சிக்கலே அங்கேதான். ஒருவருக்கு 2 கிராம் கூட்டி, இன்னொருவருக்கு 2 கிராம் குறைத்துக் காட்டினாலும் சராசரி வித்தியாசம் பூஜ்யம்தானே! திரையில் 9 என்று வந்தவருக்கு உண்மையில் 7 இருந்தால்? ரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும்.

அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போது தொடர்ந்து கவனிக்க உதவும் கருவிதான், மறுக்கவில்லை. ரத்தசோகை உண்டா என்று முடிவுகட்ட மட்டும் ஆய்வகத்துக்கு ரத்தம் போகட்டும் என்பேன்.

அப்புறம், விரல் சில்லிட்டிருந்தாலோ, நகச்சாயம் இருந்தாலோ கணக்கு இன்னும் தடுமாறும். குழந்தைகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். ஊசிக்குப் பயந்து கிளிப் மாட்டினால், அந்தக் கிளிப்பையே பிடுங்கி எறிகிறார்கள்.