லிட்ஃபோரோட் குட்டி கிடைத்துவிட்டது

ஜூன் மாதம் மேய்ச்சல் நிலத்தில் பிறந்த செம்பழுப்புப் பெட்டைக் குதிரைக்குட்டி, நான் ஆசைப்பட்டபடியே லிட்ஃபோரோட்தான். வசந்தத்தில் வெளுத்து, போகப்போகக் கருத்து, உடலில் வெள்ளை மயிர் கலந்து, ஆண்டு முழுவதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ரோன் ரகம். வட ஐஸ்லாந்தின் ஸ்காகாஃபியோர்துர் வட்டாரத்தில் குதிரைக்குப் பஞ்சம் இல்லை. இந்த நிறத்துக்கு மட்டும் பஞ்சம். பக்கத்துப் பண்ணைப் பெரியவர், "நிறத்தின் மீதா ஏறி உட்காரப் போகிறீர்கள்?" என்று பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார். ஐஸ்லாந்துக் குதிரையின் குலுங்காத நடையான டோல்ட்தான் அவருக்கு எல்லாம். இருக்கட்டும், இப்போது வேலியோரம் நின்று குட்டியை உற்று உற்றுப் பார்ப்பவரும் அவரே.

இது அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்ததல்ல என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். தாயிடம் ஒற்றை ரோன் ஜீன்தான் இருக்கிறது. ரோன் இல்லாத எந்தப் பொலிகுதிரையுடன் சேர்த்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை மாற்ற முடியாது. ஆனால் குட்டி விழுந்த அன்றே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டு. ரோன் ஜீனும், உடல் கருப்பா செந்நிறமா என்று தீர்மானிக்கும் ஜீனும் 3-ஆவது குரோமோசோமிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இந்தத் தாய்க்குதிரையைப் பெற்றவள் கருப்பு லிட்ஃபோரோட், அவளுடைய தகப்பன் செந்நிறம். ஆகவே இவளுக்கு ரோன் ஜீன் கருப்போடு ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. இவளைச் செந்நிறப் பொலிகுதிரையுடன் சேர்த்தால் செந்நிறக் குட்டி என்றால் ஏமாற்றம், கருப்போ, கருப்பு ஜீன் உள்ள செம்பழுப்போ என்றால் நம்பிக்கை. முன்பு செம்பழுப்புப் பொலிகுதிரைகளிடம் அனுப்பியபோது இந்தக் கணக்குக்கே இடம் இருக்கவில்லை. இலையுதிர்காலம் வரை வாய் பிளந்து காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. அந்த இரண்டு ஜீன்களும் எப்போதாவது பிரிந்து போவதுண்டு. பால்மயிர் உதிர்ந்தால்தான் ரோன் வெளியே தெரியும், அதுவும் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். கோடை வெயிலில் வெளிறிய மயிரைப் பார்த்துவிட்டு, "வெள்ளை வந்துவிட்டது" என்று குதிக்கிறார்கள். கைபேசி விளக்கை அடித்துப் பார்ப்பது அதைவிட மோசம். பளபளப்பெல்லாம் வெள்ளையாகத் தெரியும். நனைந்த மயிரில் எதுவுமே தெரியாது, இந்த ஊரிலோ மயிர் காயும் நாளே அபூர்வம்.

நான் செய்வது இதுதான். தாயை வேலியோரம் கட்டி, குட்டியை அவளுக்கும் வேலிக்கும் நடுவில் நிறுத்திக்கொள்வேன். நெருக்கம் இருந்தால் அது அவ்வளவாகத் துள்ளாது. விலாப் பக்கம் கையை வைக்கவே மாட்டேன். விலாவிலும் வாலடியிலும் மட்டும் வெள்ளை தூவும் வேறொரு மரபு இருக்கிறது, ஆளை ஏமாற்றிவிடும். தோளிலும் புட்டத்தின் மேலும் நெருங்கிய பல் உள்ள சீப்பால், மயிர் படிந்த திசைக்கு எதிராக மெதுவாக இழுப்பேன். சீப்பில் வருவதை மேட் கருப்புத் தாளில் தட்டிப் பரப்பி, ஒவ்வொன்றையும் வேரிலிருந்து நுனி வரை பார்க்க வேண்டும். நுனி வெளுத்து வேர்ப்பக்கம் கருத்திருந்தால் அது வெயில் செய்த வேலை. வேர் முதல் நுனி வரை ஒரே வெள்ளை என்றால் ரோன். பளபளக்கும் தாள் வேண்டாம், அதில் எல்லா மயிரும் ஒன்றுபோல மின்னும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. நான் தபால்தலை சேகரித்த காலத்துக் கண்ணாடியை வைத்து ஒப்பேற்றுகிறேன்.

செப்டம்பர் நடுவில் தோளிலிருந்து வந்த மயிரில் முழு வெள்ளை தாராளமாகக் கலந்திருந்தது. தலையும் கால்களும் அப்படியே செம்பழுப்பு. கண்ணைச் சுற்றி நரை இல்லை. பெற்றோரில் ஒருவரும் வயதோடு நரைக்கும் குதிரை இல்லை என்பதால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. இன்னொரு அடையாளம் பிறகு வரும்: ரோன் குதிரைக்குக் காயம் ஆறிய இடத்தில் மயிர் கருத்தே முளைக்கும். மந்தையில் இருக்கும் மூத்த பெட்டை கடிக்கிற கடிக்கு அந்த அடையாளத்துக்குக் குறை இருக்காது.

சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியில் குதிரை வளர்க்கும் நண்பர் தன் பழைய சீப்பை அனுப்புகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். இங்கே குதிரைகளை இறக்குமதி செய்யவே முடியாது. வெளியே போன ஐஸ்லாந்துக் குதிரைகூடத் திரும்பி வர முடியாது. வெளிநாட்டுக் குதிரையின் மீது பட்ட சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் கூடத் தடை. பல நூறு ஆண்டுகள் தனித்தே வாழ்ந்த குதிரைகள், வெளிநோய்களுக்குப் பழக்கப்படாதவை; தடை நியாயம்தான். வேறு வழியில்லாமல் புதுச் சீப்பையே வாங்கினேன். விலை அநியாயம்.

குளிர்காலத் தீவனப் புல் உருளைகளும் வந்து இறங்கிவிட்டன. இந்த முறை பிளாஸ்டிக் சுற்று மெல்லியது, அண்டங்காக்கைகளுக்குக் கொண்டாட்டம். ஓட்டை விழுந்த உருளை உள்ளே கெட்டுப்போனால் குதிரைக்கு ஆபத்து என்பதால், தினமும் காலையில் ஒட்டுநாடாவும் கையுமாகச் சுற்றி வருகிறேன். விற்றவரிடம் சொன்னால், "காக்கையை வளர்ப்பது நான் இல்லையே" என்கிறார். அடுத்த ஆண்டு வேறு ஆள். இவ்வட்டாரப் புல்லில் செலினியம் குறைவு, அதனால் தாது உப்புக் கட்டி தொங்கவிட்டிருக்கிறேன். பழைய பண்ணைகளில் செய்வதுபோல உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் ஒரு பீப்பாய் சொல்லிவைத்திருக்கிறேன். மீன் தின்னும் குதிரையைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

இந்த ஆண்டு தாயைப் பொலிகுதிரையிடம் விடவில்லை. பால் கொடுக்கும்போது இளைத்துவிடுகிறாள், குளிர்காலத்தை வெளியிலேயே கழிக்க வேண்டியவள். அடுத்த கோடைக்குச் செந்நிறப் பொலிகுதிரை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஐஸ்லாந்துக் குதிரைகளின் வம்சாவளியைக் காட்டும் வேர்ல்ட்ஃபெங்குர் தரவுத்தளத்தில் இருவரையும் சேர்த்துப் பார்த்தேன், உறவு அதிகம் நெருங்கவில்லை. ஆனால் அதன் பாட்டி சில்வர் நிறத்தவள். சில்வர் ஜீன் கருமையை மட்டும்தான் வெளுக்கும், செந்நிறக் குதிரையில் ஒளிந்தே கிடக்கும். என்னுடைய இன்னொரு பெட்டை சில்வர். அவளையும் இதனுடன் சேர்த்து, இரு பக்கமும் அந்த ஜீன் வந்துவிட்டால் குட்டியின் கண்ணுக்குக் கேடு. ஆகவே சோதனை முடிவைக் காட்டாமல் பேரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை.

குட்டியின் நிறத்தை இன்னும் பதிவு செய்யவில்லை. மைக்ரோசிப் போடும்போது லிட்ஃபோரோட் என்றே எழுதச் சொல்ல வேண்டும். குளிர்கால மயிர் அடர்ந்து வெள்ளை மறைந்துவிட்டால் வருபவர் நம்ப மாட்டார். கருப்புத் தாளையும் அதில் ஒட்டிய மயிரையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன், மலையில் மேய்ந்த குதிரைகளை ஓட்டிவந்து உரிமையாளர்வாரியாகப் பிரிக்கும் லாவ்ஃப்ஸ்கௌலாரெத் பட்டிக்குப் போக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் குதிரைகளில் இன்னொரு லிட்ஃபோரோட் கண்ணில் பட்டால் உரிமையாளரைத் தேடிப் பிடிக்காமல் திரும்பப் போவதில்லை.