எங்கள் கடையிலிருந்தே பரவியது

மன்னார்குடியில் ஜெராக்ஸ், டைப்பிங், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த ஒரு கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் கட்டும் கடைசித் தேதி நெருங்கினால் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோடு காலையிலேயே வாசலில் கூட்டம் நிற்கும். அதற்கு நடுவே காலேஜ் பிள்ளைகள் பென் டிரைவை நீட்டுவார்கள். அது எங்கெல்லாம் போய் வந்தது என்று கேட்டதே இல்லை. செருகுவோம், பிரிண்ட் எடுப்போம், கழற்றிக் கொடுப்போம்.

ஒருநாள் எம்.ஏ. படிக்கிற பெண் ஒருவர் அழாத குறையாக வந்து நின்றார். "அண்ணா, நேத்து இங்கதான் பிரிண்ட் எடுத்தேன். வீட்ல போட்டுப் பாத்தா ஒரு ஃபைலும் இல்ல, எல்லாம் ஷார்ட்கட்டா இருக்கு." மூன்று மாத உழைப்பு, ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான்.

ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஃபைலை அழிப்பதில்லை. ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும், நாம் நம் ஃபோல்டர்தானே என்று கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில், மறைத்ததை வெளியே காட்டும் 'அட்ரிப்' கட்டளை கொடுத்ததும் மறைந்ததெல்லாம் திரும்ப வந்தது. அவர் போன பிறகு ஒரு காலி பென் டிரைவை எங்கள் பிரிண்ட் எடுக்கும் கம்ப்யூட்டரில் செருகி, ஒரு ஃபோல்டர் போட்டுப் பார்த்தேன். கண் முன்னாலேயே அது ஷார்ட்கட்டாக மாறியது. எத்தனை நாளாக இப்படிக் கொடுத்து அனுப்பினோமோ! கோட்டூர், வடுவூர், நீடாமங்கலம் என்று எந்தெந்த வீட்டுக்கெல்லாம் போனதோ. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

முன்பு பென் டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் மூலம் வைரஸ் தானாக ஓடிவிடும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸுக்கும் அப்டேட் கொடுத்து அதை நிறுத்தியது. நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கிற வகைதான் அதையும் தாண்டி நின்றது. எங்கள் கடையில் இன்னொரு தப்பும் இருந்தது: கிராக் போட்ட விண்டோஸ், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்துப் போட்டது. அப்டேட் போட்டால் கிராக் போய்விடும் என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருந்தோம். 2017 மே 12 அன்று ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

கிராக் என்றதும் ஒரு உரக்கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏதோ மென்பொருளின் கிராக்கை இறக்கியிருக்கிறார், மறுநாள் கணக்கு ஃபைல் ஒன்றும் திறக்கவில்லை. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 போதும் என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பேக்கப் ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தார், ஆனால் எப்போதும் செருகியபடியே. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. கடன் வாங்கிப் பணம் கட்டிவிடலாமா என்று கேட்டார். கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது, வேண்டாம் என்றேன். பில் புத்தகங்களைப் பார்த்து இரண்டு மாதம் கணக்கை மறுபடி ஏற்றினார். பேக்கப் எடுத்தால் உடனே கழற்றி பீரோவில் வையுங்கள் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது போனில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல் வருகிறது, அதுவும் சொந்தக்காரர் நம்பரிலிருந்தே, ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. தெரியாமல் இன்ஸ்டால் செய்து பேங்கிலிருந்து பணம் போய்விட்டால், யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போடுங்கள்.

இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். பென் டிரைவுக்கென்றே நெட் இணைப்பில்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆன்டி வைரஸுக்கு மட்டும் அவ்வப்போது அப்டேட். எது வந்தாலும் முதலில் அதில் ஸ்கேன், அப்புறம்தான் பிரிண்ட். "ஒரு தாளுக்கு இவ்வளவு நேரமா தம்பி?" என்று கோபித்துக்கொண்ட கோட்டூர் பெரியவருக்கு, அவர் பென் டிரைவில் சிக்கியதைத் திரையில் காட்டினேன். அடுத்த வாரம் பேரனுடையதையும் எடுத்து வந்தார். பிரிண்ட் எதுவும் இல்லை, பார்த்துக் கொடு என்று உட்கார்ந்துகொண்டார்.