பாட்டியை உட்காரச் சொல்லாதீர்கள்

கும்பகோணம் பக்கத்தில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். என்னைக் கூப்பிடுபவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். சிலருக்கு வருடக்கணக்கில் முட்டி வலி. சிலர் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். இரண்டும் வேறுவேறு பிரச்சினை என்றுதான் குடும்பங்கள் நினைக்கின்றன. பல வீடுகளில் முதலாவதுதான் இரண்டாவதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"மூட்டு தேய்ஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முதலில் கோயிலுக்குப் போவது நிற்கும், அப்புறம் மாடிப்படி, அப்புறம் கொல்லைப்புறம். பிள்ளைகள் பாசத்தில் தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். சில மாதங்களில் தொடைச் சதை வற்றிவிடும். முட்டியைத் தாங்குவதே அந்தச் சதைதான். அது போனால் வலியும் கூடும், கால் தடுக்கும்போது சமாளித்து நிற்கவும் முடியாது.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன், வயது 78. பழைய ஓட்டு வீடு, அறைக்கு அறை உயரமான நிலைப்படி. ஒரு தடவை அதில் தடுக்கி விழுந்த பயத்தில் கட்டிலோடு இருந்துவிட்டார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். அந்த வயதுப் பெண்கள் 30 நொடியில் 10 தடவையாவது எழ வேண்டும். இவர் இரண்டு தடவை எழுந்தார். மூன்றாவதற்குக் கை தானாகவே நாற்காலிப் பிடியைத் தேடியது.

"முட்டிதான் டாக்டரம்மா விடமாட்டேங்குது."

"முட்டி இல்லம்மா, இது" என்று அவர் கையை எடுத்து அவர் தொடையிலேயே வைத்தேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "கொழகொழன்னு ஆயிடுச்சே" என்றார்.

தலைமாட்டு மருந்து டப்பாவையும் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பார்ப்பேன். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, தூக்க மாத்திரை; கூடவே மருந்துக்கடையில் "முட்டி வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று வாங்கிய காகிதப் பொட்டலம். இந்தப் பொட்டலம்தான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் பிரஷர் ஏறும், வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. நாளாக ஆக அது எலும்பை மெலிய வைக்கும். தூக்க மாத்திரை நடுராத்திரியில் பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாட வைக்கும். எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டப்பாவை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால், எழுந்தவுடன் வருகிற தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்துவிடும். இந்த அம்மாவுக்கு அப்படித்தான் இறங்கியது. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

பயிற்சிக்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் முதியவர்களுக்கென்றே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். வீட்டிலேயே கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டுவது, பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது, நடப்பது, அவ்வளவுதான். அதைச் செய்தவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இங்கே மருமகள் பழைய பாவாடைத் துணியில் பை தைத்து அரை கிலோ மணல் நிரப்பிக் கொடுத்தார். அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயமில்லை. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும், நிறுத்த வேண்டியதில்லை.

நிலைப்படியை இடிக்க முடியாது. விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்து, சுவரில் கைப்பிடி வைத்தோம். பாத்ரூம் வாசலில் வழுக்கிக்கொண்டிருந்த கால்மிதியை எடுத்தாயிற்று, ராத்திரி முழுக்க ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. ஊன்றுகோலை வலிக்கிற முட்டிக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் யாரும் நம்புவதில்லை. பத்தடி நடந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்கிறார்கள். படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் வலிக்கிற கால்.

தனியாக ஆள் வைக்க வசதி இல்லாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, தருகிறார்கள். வருகிறவரிடம் வலியை மட்டும் சொல்லாமல், இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை விழுந்தார்கள், எத்தனை தடவை விழப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களை உட்காரவைத்துத் தனியாகக் கேட்டால்தான் அது வெளியே வரும். சொன்னால் நடமாட்டத்தையே தடுத்துவிடுவீர்கள் என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள்.