தேக்கில் ஒரு சின்னக் கேபினட்: நூல் கணக்கும் மி.மீ. கணக்கும்

காரைக்குடியில் கணினிக் கேபினட் செய்ய நல்ல மரம் தேடி அலைய வேண்டாம். இடித்த வீடுகளின் நிலை, சட்டம், கைமரம் எல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. பர்மா தேக்கு, பல பத்து வருஷம் காய்ந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் மரத்தில் செய்யும் சின்னக் கேபினட்டுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுகின்றன: மதர்போர்டை நேராகப் பலகையில் திருகிவிடுகிறார்கள்.

ஆசாரியின் அளவு இன்ச், நூல். ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் என்னும் சின்ன வகை மதர்போர்டு 170 x 170 மி.மீ. நூல் கணக்கில் 6 இன்ச் ஐந்தரை நூல், கிட்டத்தட்ட சரியாக விழுகிறது. பின்பக்க போர்ட்டுகளுக்கான திறப்பு 158.75 x 44.45 மி.மீ.; அது 6 இன்ச் 2 நூலுக்கு 1 இன்ச் 6 நூல், மயிரிழை பிசகாமல். இந்த அளவுகளை முதலில் வகுத்தவர்கள் இன்ச்சில் வகுத்தவர்கள் என்பதால் வரும் பொருத்தம் இது. திருகுத் துளைகளுக்கு வந்ததும் பொருத்தம் போய்விடும். துளைகளுக்கு இடையே ஒரு பக்கம் 157.48, மறுபக்கம் 154.94 மி.மீ. அதாவது 6.2 இன்ச், 6.1 இன்ச். பத்தில் ஒரு பங்கு என்பது நூல் டேப்பில் இல்லாத கோடு. போதாததற்கு நான்கு துளைகளும் சதுரத்தின் நான்கு மூலையிலும் இருக்காது. போர்ட்டுகளை ஒட்டிய ஒரு துளை மட்டும் 22.86 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். அரை நூல் தவறினால் 1.6 மி.மீ.; எச்டிஎம்ஐ பிளக் நுழையாமல் போக அதில் பாதியே போதும்.

ஆகவே துல்லியம் வேண்டிய எதையும் மரத்தில் வைக்காதீர்கள். போர்டு, பவர் சப்ளை, பின்பக்கத் திறப்பு மூன்றும் 1.2 மி.மீ. இரும்புத் தகட்டில் மடித்த ஒரே தட்டில் இருக்கட்டும். தேக்கு அதன் மேல் கவிழ்க்கும் மூடி மட்டும். தட்டுக்கு வரைபடக் கோப்பைக் கொடுத்தால் திருச்சியிலோ மதுரையிலோ லேசர் கட்டிங் பட்டறையில் வெட்டி மடித்துத் தருவார்கள். தடிமன் 1.2 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: போர்டுடன் வரும் ஐ/ஓ ஷீல்டு (பின்பக்கத் திறப்பில் பொருந்தும் மெல்லிய மூடி) ஏறக்குறைய 1 மி.மீ. தகட்டில் கவ்வும்படி செய்தது. 2 மி.மீ. அலுமினியத்தில் அது பிடிக்காது, பலகையிலோ பேச்சே இல்லை.

இனி உயரத்தில் எது மேல் எது என்ற அடுக்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, படம் காட்டும் பகுதி உள்ளேயே அமைந்த ரைசன் 5 5600ஜி மாதிரி சிப்புக்கான கணக்கு இது. போர்டு படுத்த வாக்கில். ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்) 6.5, போர்டின் தடிமன் 1.6, சாக்கெட்டோடு சிப்பின் உயரம் ஏழரை, அதன் மேல் 37 மி.மீ. கூலர் (நாக்டுவா என்எச்-எல்9ஏ அந்த உயரம்தான்). மொத்தம் 53-க்குள் வரும். உள் உயரம் 72 வைத்தால் விசிறிக்கு மேல் 19 மி.மீ. மிச்சம். எஸ்எஃப்எக்ஸ் என்னும் சின்ன வகை பவர் சப்ளை 125 x 100 x 63.5; அதுவும் இந்த உயரத்துக்குள் படுத்துவிடும்.

பவர் சப்ளையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில்தான் இடம் மிச்சமாகும், அல்லது வீணாகும். போர்டுக்கு முன்னால், 125 மி.மீ. பக்கம் முன்பின்னாகவும் 100 மி.மீ. பக்கம் குறுக்காகவும் வையுங்கள். உள் அகலம் 176. இடப்பக்கம் வளைந்த தலையுள்ள பவர் பிளக்குக்கு 30, நடுவில் பெட்டி 100, வலப்பக்கம் கேபிள் வளைய 46. கணக்கு முடிந்தது. நீளம் போர்டுக்கு 170, இடைவெளி 20, பவர் சப்ளைக்கு 125, ஆக 315. உள் கொள்ளளவு 4 லிட்டர். இந்த 46-ஐக் குறைத்துப் பார்க்க ஆசை வரும். குறைத்தால் போர்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 24 பின் கேபிள் கனெக்டரை நெம்பிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் காரணமே தெரியாமல் கணினி அணையத் தொடங்கும்.

மரத்தின் தடிமன் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். 12 மி.மீ. பலகையில் வெளி அளவு 325 x 200 x 85, அதாவது 5.5 லிட்டர். 8 மி.மீ.க்கு இழைத்தால் 5 லிட்டர் சொச்சம். 8 போதும், ஆனால் 45 டிகிரி மூலை இணைப்பு அந்தத் தடிமனில் பசையை மட்டும் நம்பி நிற்காது. மூலையில் குறுக்கே வாள் வெட்டு போட்டு மெல்லிய தேக்குச் சில்லுகளை இறக்கி ஒட்டச் சொல்லுங்கள். தேக்கில் இயற்கையாக எண்ணெய் உண்டு, அது பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் இரு முகத்தையும் துடைத்தாக வேண்டும். பழைய மரமென்றால் இழைப்புக்குக் கொடுக்கும் முன் காந்தத்தை அங்குல அங்குலமாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து புதைந்த ஆணி ஒன்று இருந்தால் மெஷின் பிளேடு போய்விடும், அந்த ஆசாரி அடுத்த முறை பழைய மரத்தைத் தொடமாட்டார்.

மூடியின் மூன்று முகத்திலும் மரத்தின் ரேகை இடப்பக்கத்திலிருந்து மேலேறி, மேற்பலகையைக் கடந்து, வலப்பக்கம் இறங்கும்படி ஓட வேண்டும். அப்போது மூன்றும் ஒரே திசையில், முன்பின்னாக மட்டுமே விரியும், சுருங்கும். ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் 325 மி.மீ. அகலத்தில் இந்த அசைவு 2 மி.மீ. வரை போகலாம். பக்கத்துக்கு இரண்டு பித்தளைத் திருகு; பின் திருகுக்கு வட்டத் துளை, முன் திருகுக்கு நீளவாக்கில் 4 மி.மீ. கூடுதல் இடமுள்ள துளை, வாஷரோடு. முன்பலகைக்கும் மூடிக்கும் நடுவே 2 மி.மீ. சந்து விடுங்கள். இந்தச் சந்தை அழகுக்காக அடைத்தவர்களின் மூடி முதல் மழையிலேயே மூலை விடும். பாலிஷ் வெளியே மட்டும் போட்டால் பலகை கிண்ணமாக வளையும். உள்முகத்துக்கும் அதே பூச்சு வேண்டும்.

காற்றுக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டுக் கதவு வரை நேராகத் தெரியும். காற்று வரும் வழியும் போகும் வழியும் கட்டும்போதே தீர்மானித்தவை. இங்கும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். கூலர் விசிறி மேலிருந்து இழுத்து போர்டின் மீது ஊதும், சூடான காற்று வலப்பக்கச் சுவர் வழியே வெளியேற வேண்டும். பவர் சப்ளை விசிறியைக் கீழ்நோக்கி வைத்து, தட்டில் அதன் அடியில் துளைகள், 15 மி.மீ. ரப்பர் கால்கள். அதன் சூடு இடப்பக்கச் சுவர்த் துளைகளில் போகட்டும். பவர் கேபிளும் அந்த 30 மி.மீ. சந்தில் தட்டின் துளை வழியே இறங்கி, கால்களுக்கு நடுவே பின்னால் ஓடிவிடும். தட்டில் ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள், கேபிளை யாராவது இழுத்தால் பிளக் தாங்காது.

மேல் துளைகளை 6 மி.மீ. பிளவு, 6 மி.மீ. கம்பி என்று மாற்றி மாற்றி வெட்டினால் பாதிதான் திறப்பு. 92 மி.மீ. விசிறிக்கு, நடுக் குமிழ் போக, ஏறக்குறைய 5,500 சதுர மி.மீ. வேண்டும். விசிறி அளவுக்கே வெட்டினால் 4,200தான் கிடைக்கும். 110 x 110 பரப்பில் வெட்டுங்கள், 6,000 கிடைக்கும். பிளவுகள் ரேகையோடு ஓட வேண்டும். ரேகைக்குக் குறுக்கே ஓடினால் நடுவில் நிற்கும் கம்பிகள் விரல் பட்டாலே பிஸ்கட்டாக உடையும். சிப்பின் இடம் போர்டுக்குப் போர்டு மாறுவதால், போர்டைத் தட்டில் திருகிய பிறகே மேற்பலகையில் மையம் குறிக்க வேண்டும். விசிறிக்கும் பலகைக்கும் இடையே மிஞ்சிய 19 மி.மீ.யை ஃபோம் வளையம் வைத்து அடையுங்கள். இது இல்லாவிட்டால் விசிறி தான் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி மறுபடி உறிஞ்சும். மேல் துளைக்கு உட்புறம் நைலான் வலை அவசியம், நம் செம்மண் தூசி அப்படி.

முன்பலகைக்குப் பிரம்பு வலை போடலாம். ஊறவைத்து இழுத்துக் கட்டினால் காயும்போது தானே விறைக்கும். ஆத்தங்குடிக் கல்லை அடிப்பாகமாக வைக்க நினைப்பவர்கள் அதில் துளை போடாதீர்கள், விண்டுவிடும். பெட்டியை அதன் மேல் சும்மா வைத்தால் போதும்.

எர்த் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு பின் பிளக் பாயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. எர்த் இல்லாத பாயின்ட்டில் பவர் சப்ளையின் உடம்பு 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். அதன் உள்ளே உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் லைனுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்குமாகக் கட்டியிருப்பதால் வருவது அது. தட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும், டெஸ்டரும் எரியும். மூடி மரமாக இருப்பதால் தெரியாமல் போகலாம். யுஎஸ்பி குத்தும்போது தெரியும். எர்த் உள்ள மூன்று பின் பாயின்ட் வேண்டும். தட்டுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. பவர் சப்ளை திருகும் இடத்திலும், ஸ்டாண்ட்ஆஃப் உட்காரும் இடத்திலும் பூச்சைச் சுரண்டி எடுங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் தட்டுக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும்.

சின்னச் சாமான்களில் மூன்று தவறு அடிக்கடி நடக்கும். ஸ்டாண்ட்ஆஃப் கடையில் 6 மி.மீ. கிடைத்தால் அரை மி.மீ. வாஷர் சேருங்கள், இல்லாவிட்டால் போர்ட்டுகள் திறப்புக்குக் கீழே இறங்கி நிற்கும். பவர் சப்ளைக்கு எம்3 திருகு சேராது. அது 6-32 என்னும் இன்ச் கணக்கு மரை, கூடவே வரும் திருகையே பயன்படுத்துங்கள். பவர் பட்டன் அமுக்கி விட்டதும் திரும்பும் வகையாக இருக்க வேண்டும். அமுங்கியே நிற்கும் வகையை மாட்டினால் கணினி எழும், சில விநாடியில் அணையும். போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நிலை இதனால்தான் வருகிறது.

வெட்டக் கொடுக்கும் முன் அட்டைப்பெட்டியில் அதே அளவில் ஒன்று செய்து, எல்லாக் கேபிளையும் மாட்டிப் பாருங்கள். எல்லாம் பூட்டிய பின் மூடி இல்லாமல் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி வெப்பத்தைக் குறியுங்கள், பிறகு மூடியோடு அரை மணி. வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் போனால் துளை போதவில்லை, வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பெரிதாக்குங்கள். 5600ஜி-யின் உச்சவரம்பு 95 டிகிரி. அறையே 38, 39 காட்டும் சித்திரை மதியத்தில் அந்தச் சிப்பின் 65 வாட்டை 37 மி.மீ. கூலரால் நிம்மதியாக ஆற்ற முடியாது. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) 45 வாட் என்று வைத்துவிடுங்கள். டைப் செய்வது, படம் பார்ப்பது, கணக்கு பார்ப்பது எதிலும் வித்தியாசம் தெரியாது, விசிறிச் சத்தம் மட்டும் குறையும்.